திங்கட்கிழமை விமர்சனம்

“அம்மாவா வர்றவங்க அழும்போது சுவர்ப் பக்கம்... திரும்பிக்கிறாங்க பாருங்க, அங்கதான் சார் படமே இருக்கு” என்றான் எக்ஸ்ரே.

எதிரே உட்கார்ந்திருந்த பல்செட், வாயில் போட்ட சோற்றை மெல்லவே மறந்துபோனார்.

அது அவருடைய வாக்கியம். முந்தின நாள் சாயங்காலம், தன் வீட்டு சோபாவில், தன் மனைவியிடம் மட்டும் சொன்னது. ‘சுவர்ப் பக்கம்’ என்று சொல்லிவிட்டு ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தார். பாவி, அந்த இடைவெளியைக்கூட விடாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

அந்தப் பல் மருத்துவமனையில் மொத்தமே நாலு பேர்தான். டாக்டர், முன்மேசையில் டோக்கன் கொடுக்கும் பெண், பல்லைப் படம் எடுக்கும் எக்ஸ்ரே, பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்யும் பல்செட். அவரவர் வேலையே அவரவர் பெயராகிப் பல காலமாகிவிட்டது. வாரம் முழுக்க பல்செட் பேசுவதெல்லாம் மெழுகில் நட்டுவைத்த பற்களோடுதான். அவை பதில் சொல்வதில்லை. அந்தக் குறையெல்லாம் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டில் தீரும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பார்த்த படத்தை, பெயர் போடும் இடத்திலிருந்து பிடித்து, விளக்குக் கம்பத்தின் நிழல் விழுந்த கோணம் வரைக்கும் அலசிப் பிழிந்து காயப்போட்டுவிடுவார். நடுவில் யாராவது தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தச் சொன்னால்கூட முகம் சுருங்கிவிடும்.

எக்ஸ்ரே இதுநாள்வரை படம் பற்றி வாயைத் திறந்ததே இல்லை.

“பிரமாதம்யா!” என்றார் டாக்டர். “எப்படிய்யா உனக்கு இதெல்லாம் தோணுது? நீங்க என்ன சொல்றீங்க, பல்செட்?”

“அதேதான்” என்றார் பல்செட். ஒரு படத்தைப் பற்றி அவர் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நேத்து அந்தப் படத்தைப் பத்தி நான் சொன்னதை யார்கிட்டயாவது சொன்னியா?”

“நீங்க சொல்றதெல்லாம் வெளியில சொல்ற மாதிரியா இருக்கு?” என்றாள் மனைவி.

இது பாராட்டா, திட்டா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்பது மட்டும் பிடிபட்டது. சந்தேகம் அங்கேதான் முளைவிட்டது.

அடுத்த ஞாயிறு படம் போடுவதற்கு முன்னால் ஜன்னல்களைச் சாத்தினார். சோபாவின் மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தார். டி.வி.க்குப் பின்னால் தலையை நுழைத்தார்.

“என்ன தேடறீங்க?”

“என் மூக்குக்கண்ணாடி.”

“மூக்குலதான் இருக்கு.”

“அதான் கிடைச்சிடுச்சே” என்று வந்து உட்கார்ந்தார்.

அன்று கருத்துகளையெல்லாம் மனைவியின் காதருகே போய் ரகசியமாகச் சொன்னார். “கதாநாயகி கோவப்படும்போது கண்ணு கோவப்படலை, மூக்குதான் கோவப்படுது.”

“காதுல மூச்சு விடாதீங்க, கூசுது.”

மறுநாள் மதியம் டப்பாவைத் திறக்கும்போதே எக்ஸ்ரே ஆரம்பித்துவிட்டான். “கதாநாயகிக்குக் கோவம் கண்ணுல வரலை சார், மூக்குலதான் வருது.” முன்மேசைப் பெண் புரையேறச் சிரித்தாள். டாக்டர் மேசையைத் தட்டினார்.

பல்செட் பின்னறைக்குப் போய், அதே நினைப்பில் ஒரு பெரியவருடைய செட்டில் இடது கோரைப்பல்லை வலப்பக்கம் பதித்துவிட்டார். டாக்டர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “என்ன பல்செட் இது? இதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனா பேரப்பிள்ளைங்க அலறாதா?”

வேலையிலும் கெட்ட பெயர். இதை இப்படியே விடக்கூடாது என்று முடிவு கட்டினார். தப்பான கருத்து ஒன்றை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டு, அது எங்கே போய் முளைக்கிறது என்று பார்ப்பது.

அந்த வாரப் படத்தில் ஒரு நாய், ஒரே ஒரு காட்சியில், தெருவைக் கடந்து போயிற்று.

“இந்தப் படத்துல நடிச்சது அந்த நாய் ஒண்ணுதான்” என்றார் பல்செட், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. “அந்த வாலைக் கவனிச்சியா? அதுல ஒரு சோகம் இருந்தது.”

மனைவி அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் சிரிப்புச் சத்தமும் கேட்டது. பல்செட் பூனை மாதிரி நடந்து வாசலில் போய் நின்றார்.

“போன்ல யாரு?”

“ராங் நம்பர்.”

“ராங் நம்பர்கிட்ட இவ்வளவு நேரமாவா சிரிப்பே?”

“அவங்களும் நல்ல மனுஷங்கதான்” என்று குழாயை மூடினாள்.

மறுநாள் டாக்டர் கேட்பதற்கு முன்பே எக்ஸ்ரே சொன்னான். “நாய்தான் சார் நடிச்சிருக்கு. வால்ல என்னா சோகம்!”

“அடடா” என்றார் டாக்டர். “படம் பார்க்கத் தெரிஞ்சவன்னா நீதான்யா.”

பல்செட்டுக்குக் காது அடைத்துக்கொண்டது. வேண்டுமென்றே சொன்ன உளறலுக்கே இவ்வளவு மரியாதை! அதுவும் இவனுக்கு! அதைவிட மோசம், வீட்டிலிருந்து இங்கே ஒரு வழி இருக்கிறது, அது சமையலறைக் குழாயடியில் தொடங்குகிறது. எக்ஸ்ரேயை ஓரக்கண்ணால் அளந்தார். புதுச்சட்டை. படிய வாரிய தலை. யாருக்காக வாரினான்?

அடுத்த ஞாயிறு அவர் வாயையே திறக்கவில்லை. படம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாக்கு நுனிவரை வந்த எத்தனையோ அருமையான கருத்துகளை எச்சிலோடு விழுங்கினார். மனைவியோ காலை மடக்கி சோபாவில் ஏற்றிக்கொண்டு, பிஸ்கட் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சிரிக்கும் இடத்தில் சிரித்து, கடைசிக் காட்சியில் தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் எந்தப் படத்துக்கும் அழுது அவர் பார்த்ததில்லை.

இந்த அழுகை யாரை நினைத்து?

மறுநாள் சாப்பாட்டு மேசையில் எக்ஸ்ரேயும் பேசவில்லை. யாருமே பேசவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும்தான். டாக்டர் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

இனிச் சந்தேகமே இல்லை. நான் சொன்னால் இவன் சொல்கிறான், நான் நிறுத்தினால் இவனும் நிறுத்துகிறான். இனி இவனைச் சிக்கவைக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஞாயிறு வில்லன் திரையில் வந்ததும் பல்செட் சத்தமாகவே சொன்னார். “இந்த வில்லன் அசப்புல எங்க டாக்டர் மாதிரியே இல்ல? அதே முழி, அதே சிரிப்பு. வலிக்காது வலிக்காதுன்னு சொல்லிக்கிட்டே குத்தறான் பாரு.”

மனைவி படத்தை நிறுத்தினாள். “இதையா சொல்றீங்க?”

“இதையேதான் சொல்றேன்.”

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் திறந்தது. பல்செட் இருட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டார். நாளைக்கு இந்நேரம் எக்ஸ்ரே தெருவில் வேலை தேடிக்கொண்டிருப்பான்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எக்ஸ்ரே வந்தான். டப்பாவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

“என்னப்பா, இந்த வாரம் படம் ஒண்ணும் பாக்கலையா?” என்று பல்செட்டே எடுத்துக்கொடுத்தார்.

முன்மேசைப் பெண் முழங்கையால் எக்ஸ்ரேயை இடித்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊசிக்குக் கையை நீட்டுகிறவன் மாதிரி, கடகடவென்று சொல்லி முடித்தான்.

“வில்லன் நம்ம டாக்டர் மாதிரியே இருக்கான் சார், அதே முழி, அதே சிரிப்பு, வலிக்காதுன்னு சொல்லிக்கிட்டே குத்தறான்.”

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. பல்செட்டின் நெஞ்சு இனித்தது. டாக்டர் மெதுவாகத் திரும்பினார். எக்ஸ்ரே பக்கம் இல்லை.

“ஏன் பல்செட், இத்தனை வருஷம் கூட இருந்துட்டு, என்னைப் பத்தி நீங்க நினைக்கிறது இதுதானா?”

“நானா? சொன்னது அவன் சார்!”

“சொன்னது அவன்தான், ஆனா...” என்ற டாக்டர் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டார். எக்ஸ்ரே டப்பாவுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பல்செட் எழுந்தே விட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. “அப்ப உங்களுக்கும் தெரியுமா? எல்லாருக்கும் தெரியுமா? என் பொண்டாட்டிக்கும் இவனுக்கும் என்ன பேச்சு? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்!”

முன்மேசைப் பெண்தான் கையை உதறிக்கொண்டு எழுந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள்.

“அக்கா போன்ல பேசறது இவன்கிட்ட இல்லண்ணே, என்கிட்ட, நீங்க பேசிக்கிட்டே இருந்தா வீட்டுல அவங்களால படம் பாக்க முடியல, இங்க எங்களால சோறு திங்க முடியல, அதான் நீங்க சொல்ல வர்றதை இவன் முந்திக்கிட்டுச் சொன்னா உங்க வாய் மூடிடும்னு எல்லாருமாச் சேர்ந்து இப்படி ஒரு ஏற்பாடு பண்ணோம், போன வாரம் ஒரே ஒரு நாள் நிம்மதியாச் சாப்பிட்டோம், அதுக்குள்ள இந்த டாக்டர் வாயைத் திறந்து கெடுத்துட்டாரு!”