தோருக்கு முட்டுக்கொடுத்த ஏணி

குழாயைத் திருகியதும் ஓர் இருமல் சத்தம் வந்தது. பிறகு கொஞ்சம் துருத் தண்ணீர். பிறகு அதுவும் நின்றது.

கிளைட் தரையில் கையூன்றி எழுந்தான். ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருடம் கூரை வேய்ந்த முழங்கால். எழும்போது அதுவும் குழாய் மாதிரியே சத்தம் போட்டது.

"என்னண்ணே, ஆச்சா?" குளியலறைக்கு வெளியே பெத்தானியின் குரல்.

"பம்பு இழுக்கலம்மா."

"நீங்க பாத்துக்குவீங்க. உங்க கையில விட்டாச்சு, இனிமே எனக்குக் கவலையில்ல."

போய்விட்டாள். கிளைட்டுக்குப் பம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. தண்ணீரை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பதுதான் அவன் தொழில். வரவழைப்பது வேறு ஆள் வேலை.

ஒரு மணி நேரம் முன்பு, வெள்ளிக்கிழமை மதியம், அந்தப் பென்சில்வேனியா மலைக்காட்டு முகாமுக்குள் வேனை ஓட்டி வந்தபோது அவன் நினைத்திருந்தது வேறு. வட ஐரோப்பாவின் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் வருடம் ஒருமுறை கூடுகிற திருவிழா. மூன்று நாள். யாரையும் தெரியாது. வாசலில் என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்வது என்று நாற்பது மைல் தூரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒன்றும் தேவைப்படவில்லை. வேன் நின்றதுமே பெத்தானி ஓடி வந்தாள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா! காலையிலேருந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

கிளைட் வேனிலிருந்து இறங்கினான். தனக்காக யாரும் காத்திருந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

"முதல்ல குளியலறை. அப்புறம் சமையல் கூடாரம்," என்று கையைக் காட்டினாள்.

அவன் தயங்கினான். பிறகு நினைவு வந்தது. பணம் கட்டியதும் வந்த கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள், இங்கே ஒருவனைச் சொல்லால் அளப்பதில்லை, செய்யும் செயலால்தான் அளப்போம் என்று. சரி, புது ஆளைச் சோதிக்கிறார்கள். நியாயம்தான். கூரை வேலைக்குப் புதிதாக வருகிறவனையும் முதல் வாரம் கீழே நின்று ஓடு சுமக்க வைப்பதுதானே.

சோதித்துக்கொள்ளட்டும். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை பிற்பகல் பெரிய கூடத்தில் மாட்டுக்கொம்பில் தேன் மது ஊற்றிக் கையிலிருந்து கைக்கு மாற்றுவார்கள். முதல் சுற்று தெய்வங்களுக்கு. இரண்டாவது சுற்றில் ஒவ்வொருவரும் தங்கள் செத்தவர்களின் பெயரைச் சொல்வார்கள். அங்கே வெஸ் என்று ஒரு பெயர் சொல்ல வேண்டும். தம்பி. போன இலையுதிர் காலத்தில் ஈரக் கூரையிலிருந்து விழுந்தவன். இந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று ஆறு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு வருடமும் "முதல்ல இந்தக் கூரையை முடிடா" என்று அவனைத் தடுத்தவன் கிளைட். அடக்கத்தன்று பாதிரியார் வெஸ்ஸின் பெயரைத் தாளைப் பார்த்துப் படித்தார். அது இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது.

பம்புக் கொட்டகை முகாமின் பின்னால் இருந்தது. கிளைட் ஸ்பேனரோடு குனிந்திருந்தபோது பின்னால் யாரோ நின்றார்கள். மார்பு வரை தாடி. கை முழுக்கப் பச்சைகுத்திய படங்கள். சட்டையில் ஒரு பச்சை நாடா குத்தியிருந்தது. கையில் மரக்கோப்பை.

"அந்த வால்வை இடப்பக்கம் திருப்பாதீங்க," என்றார் தாடிக்காரர்.

கையில் கோப்பையை வைத்துக்கொண்டு யோசனை சொல்கிற ஆட்களை இருபத்தெட்டு வருடம் பார்த்தவன் கிளைட். இடப்பக்கமே திருப்பினான்.

குழாய் வெடித்தது. தண்ணீர் கூரை வரை எழுந்து கொட்டகை வாசல் வழியாக ஓடியது.

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று தாடிக்காரர் ஆரம்பித்தார்.

"மெர்ல்! இங்கேயா இருக்கீங்க?" திருவிழாத் தலைவர் ராண்டால் வந்து அவர் தோளில் கை போட்டார். ஊரில் தரை ஓடு விற்கிற கடைக்காரர். இங்கே கம்பளி அங்கியும் வெள்ளிக் காப்புமாக இருந்தார். "ஆடு வெந்தாச்சு. முதல் துண்டு உங்களுக்கு. அட, கோப்பை காலியா இருக்கே!"

"இல்லைங்க, அந்த பம்பு..."

"வேலை செய்யறவரு பாத்துக்குவாரு. நம்ம கூட்டத்துல பச்சை நாடாக்காரர் கை நனையக்கூடாது." ராண்டால் கோப்பையை நிரப்பி அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

பச்சை நாடா பெரிய மனிதர்களுக்கு உரியது போலிருக்கிறது என்று கிளைட் நினைத்துக்கொண்டான்.

வெடித்த குழாயை அடைக்க முழு இணைப்பையும் மூட வேண்டியதாயிற்று. அதனால் குளியலறையில் மட்டும் இல்லாத தண்ணீர் இப்போது சமையல் கூடாரத்திலும் இல்லை. அறுபது பேருக்குக் கஞ்சி வைக்க ஏரியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தான். ஆரம்பச் சடங்கின் பாட்டு மரங்களுக்கு அப்பாலிருந்து கேட்டது. முப்பத்தோராவது வாளியில் பாட்டு முடிந்துவிட்டது.

"வீட்டுக்குப் போயிட்டுக் காலையில வருவீங்களாண்ணே?" என்று பெத்தானி கேட்டாள்.

"இல்லம்மா, இங்கேயே வேன்ல படுத்துக்கிறேன்."

"என்ன மனசு பாருங்க!" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஒரு தட்டில் ஆட்டுக்கறியும் ரொட்டியும் கொடுத்தாள். பெயரைக் கேட்கவில்லை. கேட்பாள் என்று நின்று பார்த்தான். வேறு யாரும் கேட்கவில்லை. இங்கே பாதிப் பேர் வீட்டுப் பெயரை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வேறு பெயரில் திரிகிறவர்கள். ஒருவன் பெயர் ஓநாய், ஒருத்தி பெயர் பனிக்காற்று. நமக்கும் நேரம் வரும்போது கேட்பார்கள் என்று வேனில் ஏறிப் படுத்தான்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் கொட்டகைத் தண்ணீர் வடியாமல் கூடாரங்களின் பக்கம் ஊறிக்கொண்டிருந்தது. அடைத்த இடத்தில் கசிவு. பனிக்காற்று தன் படுக்கையைப் பிழிந்துகொண்டே, "அண்ணே, பேர்தான் எனக்குப் பனிக்காற்று. அதுக்காக இப்படியா?" என்றாள்.

கிளைட் மண்வெட்டியை எடுத்தான். சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரை மேட்டுக்கு அந்தப் பக்கம் திருப்பிவிட்டான். வேலை சுத்தமாக இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

அங்கே கயிறு கட்டிய புனித இடம் இருந்தது. உள்ளே ஓக் மரத்தில் செதுக்கிய ஆள் உயரக் கம்பங்கள். நடுவில் தெய்வங்களின் தலைவர், ஒற்றைக்கண் ஓடின். வலப்பக்கம் சுத்தியலோடு இடித் தெய்வம் தோர். காலைப் பூசைக்கு எல்லோரும் வட்டமாக நின்றிருந்தபோது தோரின் காலடி மண் கரைந்தது. தோர் மெதுவாக ஓடினின் தோளில் சாய்ந்தார்.

"யப்பா, தோரைப் புடிங்கடா!" என்று ராண்டால் கத்தினார்.

நாலு பேர் பிடித்தார்கள். கம்பம் வழுக்கியது. கிளைட் ஓடிப்போய் வேனின் மேலிருந்த ஏணியை இறக்கி, கயிற்றைத் தாண்டி, தோரின் கைக்கு அடியில் முட்டுக்கொடுத்தான். நின்றது. மூச்சு வாங்கியது.

எல்லோரும் பார்த்தார்கள். அலுமினிய ஏணி. பக்கவாட்டில் கூரைக் கம்பெனியின் தொலைபேசி எண்.

"தோருக்கு ஏணியா?" என்றாள் ஒருத்தி.

"ஏறி இறங்கட்டும், அவருக்கும் வயசாச்சு," என்றான் ஓநாய்.

ராண்டால் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்தார். கடைசியில் ஓக் இலைகளைப் பறித்து ஏணியில் சுற்றச் சொன்னார். கிளைட்டின் பக்கம் திரும்பி, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நாங்க பூசையை முடிக்கிற வரைக்கும் கயித்துக்கு வெளிய நில்லுங்க," என்றார்.

வெளியே நின்றான். மெர்ல் அவனைப் பார்த்தார். வாயைத் திறந்தார். யாரோ அவர் கோப்பையை நிரப்பினார்கள். மெர்ல் ஒரு வாய் குடித்தார். அவர் முகத்தில் நேற்றைவிட நிறம் ஏறியிருந்தது. பூசை முடிந்ததும் மூன்று பேர் அவரைக் கட்டிப்பிடித்தார்கள்.

பிற்பகல் வரை கிளைட் வாய்க்காலை மூடினான். மூடிய இடத்திலிருந்து தண்ணீர் கழிவறைக் குழிக்குப் போனது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முழங்கால் வரை நின்று முடித்தபோது பெரிய கூடத்தின் மணி அடித்தது.

கொம்பு.

ஏரியில் கையையும் காலையும் கழுவிக்கொண்டு ஓடினான். முழங்கால் ஓடவிட்ட அளவுக்கு. கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. ஈட்டியோடு ஒரு கிழவர் காவல் நின்றார்.

"கொம்பு சுத்த ஆரம்பிச்சா யாரையும் உள்ள விடறதில்ல," என்றார். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, நீங்களா. உள்ள மின்விசிறி ஓடலன்னு கூப்பிட்டாங்களா?"

கிளைட் ஒரு நொடி யோசித்தான். "ஆமா," என்றான்.

"சத்தம் போடாமப் போங்க."

முகாம் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தம். சுவரில் சிலுவை இருந்த இடத்தை மரியாதையாக ஒரு கம்பளியால் மூடியிருந்தார்கள். நீள மேசைகள். அறுபது பேர். தெய்வங்களின் சுற்று முடிந்திருந்தது. கிளைட் கதவோரமாகக் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

"ரெண்டாவது சுத்து," என்றார் ராண்டால். "மறுபடியும் சொல்றேன். கொம்பைக் கையில புடிச்சு ஒருத்தர் சொல்ற சொல்லு இந்தக் கூடத்துல இருக்கிற எல்லாரையும் கட்டும். ஒருத்தர் பொய் சொன்னா எல்லாருக்கும் கேடு. அதனால பாத்துப் பேசுங்க."

கொம்பைச் சுமந்து செல்வது பெத்தானி. அம்மாக்கள், தாத்தாக்கள், ஒரு நாய். ஒவ்வொரு பெயருக்கும் "வாழ்க!" என்று கூடம் அதிர்ந்தது. மெர்ல் தன் அம்மா பெயரைச் சொன்னார். தாடி நனைந்தது. பக்கத்திலிருந்தவர் முதுகைத் தடவினார்.

பெத்தானி கடைசி மேசையை முடித்துக்கொண்டு கதவு வரை வந்தாள். திரும்பினாள்.

"எனக்கு?" என்றான் கிளைட்.

மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் கூடமே திரும்பிப் பார்த்தது. பெத்தானி ராண்டாலைப் பார்த்தாள். ராண்டால் அவன் கால்சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"இந்தக் கூடத்துக்காக நம்ம எல்லாரையும் விட அதிகமா உழைச்சவரு. குடும்மா."

கொம்பு நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"வெஸ் ரோமிக். என் தம்பி. கூரை போடறவன். இங்க வரணும்னு ஆசைப்பட்டான், நான் விடல. கோணலா ஒரு ஆணி அடிச்சதில்ல." ஒரு வாய் குடித்தான். "அவ்வளவுதான்."

"வெஸ் ரோமிக் வாழ்க!"

அறுபது குரல். யார் கையிலும் தாள் இல்லை. கிளைட் கொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கருவிப் பெட்டியின் மேல் தடாரென்று உட்கார்ந்தான். இரண்டு நாள் களைப்பும் அப்போதுதான் ஒன்றாக வந்து இறங்கியது. இனி யார் எந்தக் குழாயைக் காட்டினாலும் எழுந்திருக்கப் போவதில்லை.

பெத்தானி மட்டும் நகரவில்லை. "ரோமிக்கா?" என்று தனக்குள் முணுமுணுத்தாள். பணம் கட்டியவர்களின் பட்டியலில் எழுதிய பெயர் போல அவள் புருவம் சுருங்கியது.

"மூணாவது சுத்து, சத்தியம் பண்ற சுத்து," என்றார் ராண்டால். "வழக்கப்படி, முதல் தடவையா நம்மகிட்ட வந்திருக்கிற பச்சை நாடாக்காரர்லேருந்து ஆரம்பிப்போம். எந்திரிங்க மெர்ல்."

கிளைட் நிமிர்ந்தான். முதல் தடவையா? பச்சை நாடா புது ஆளுக்கா? அப்படியென்றால் நான் யார்?

மெர்ல் எழுந்தார். இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்தார். 

"அடுத்த வருஷமும் வருவேன். இது சத்தியம்," என்றார். "பணம் கட்டி வருவேன்."

"ஏன், இந்த வருஷம் கட்டலையா?" என்று சிரித்தார் ராண்டால்.

மெர்ல் கொம்பைப் பார்த்தார், கதவோரம் சேறு காயாமல் உட்கார்ந்திருந்த கிளைட்டைப் பார்த்தார், மறுபடியும் கொம்பைப் பார்த்தார்.

"இதைப் புடிச்சுக்கிட்டுப் பொய் சொல்லக்கூடாதுன்னுட்டீங்க... பம்பு ரிப்பேருக்கு முகாம் ஆபீஸ் அனுப்புன ஆளு நான்தாங்க. வெள்ளிக்கிழமையிலேருந்து அதைச் சொல்ல வாயைத் திறக்கறப்பல்லாம் நீங்க கோப்பையை நிரப்பிடறீங்க!"