மூன்று வருடம் நீளாத பட்டை

துணியும் கையுமாக நின்ற இளம் ஆய்வாளன் குராத்தாவுக்கு உயிரே போய்விட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோ எடைக்கல் கீழே கிடந்தது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த ரப்பர் பட்டை இரண்டாக அறுந்திருந்தது.

வருடக் கடைசியில் ஆய்வகத்தில் எல்லோரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு துடைத்தே ஆகவேண்டும். குராத்தா கொஞ்சம் கூடுதலாகவே துடைத்துவிட்டான்.

எடையைக் கட்டித் தொங்கவிட்டால் எந்த ரப்பரும் நாளாக நாளாக நீளும். உள்ளே பின்னிக் கிடக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் நழுவிக்கொண்டே இருக்கும். பேராசிரியர் மினாமிதே உருவாக்கிய இந்தப் பட்டை மட்டும் மூன்று வருடமாக நீளவில்லை; திங்கள்தோறும் குராத்தா அளந்தபோதெல்லாம் கல் பெட்டியில் வரைந்த சிவப்புக் கோட்டிலேயே நின்றது. மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிற குராத்தாவுக்கு அதன்பிறகு வேலை உண்டா என்பதே இதை நம்பித்தான் இருந்தது. மதியம் இதைப் பார்க்க ஒசாக்காவிலிருந்து விருந்தினர் வேறு வருகிறார்கள்.

"யாரும் பாக்கலையே?" என்றான் மாணவி ஷிஹோவிடம்.

"நான் பாத்தேனே! சட்டுன்னு முடிச்சுப் போடுங்க."

போட்டான். கல் கோட்டுக்கு நான்கு விரற்கடை மேலே நின்றது.

"சூடு காட்டுனா இளகி இறங்கிடும்" என்று தலைமுடி உலர்த்தியைப் பிடித்தான். கல் இன்னும் மேலே ஏறியது.

"இழுபட்ட ரப்பர் சூடு பட்டா சுருங்கும்னு எங்களுக்குப் பாடம் எடுத்ததே நீங்கதானே?"

"உயிர் போற நேரத்துல பாடமா ஞாபகம் வரும்?"

வேறு வழியில்லாமல் அலமாரியிலிருந்து அதே ரகத்தில் புதுப் பட்டையை எடுத்து, கோட்டுக்குச் சரியாக மாட்டினான். அப்பாடா என்று மூச்சு விட்டான். மதியத்துக்குள் கல் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது.

குராத்தா அதைக் கவனிப்பதற்குள் பேராசிரியர் விருந்தினரோடு நுழைந்தார். குராத்தா பெட்டியை முதுகால் மறைத்தான்.

"தள்ளுப்பா. அவங்க உன்னைப் பாக்கவா வந்தாங்க?"

தள்ளினான். பேராசிரியரின் முகம் வெளுத்தது.

"இது எப்படி இறங்குச்சு?"

குராத்தா தன் ஆசான் முன் இடுப்பு வரை குனிந்தான். "சென்செய், மன்னிச்சிடுங்க. தப்பு என்மேலதான். காலையில…"

வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் தொகாவா அம்மாளுக்குப் பாவமாக இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அந்தப் பிள்ளையைத் திட்டாதீங்க சென்செய், தப்பு என்னுதுதான்! வாராவாரம் அது தொங்கிப்போயிடும், பாக்க நல்லாவா இருக்கு? திங்கக்கிழமை இந்தப் பிள்ளை அளக்க வர்றதுக்கு முன்னாடி பெட்டிக்கு மேல இருக்கிற திருகைத் திருகி, கோட்டுக்கு ஏத்தி வைக்கிறது நான்தானே!"