அப்புறம் அண்ணன் கை நனைத்த கதை

பினாங்கில் கஞ்சா இழுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அதை இழுத்து ஒரு கல்யாணத்தையே முடித்துவைத்தவர் அப்புறம் அண்ணன் ஒருவர்தான்.

துறைமுகத்துச் சாமானெல்லாம் மாட்டு வண்டியில் போன காலம். அவர் வண்டிக்காரர், எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பேச்சைத் தொடங்குவார், பாதியில் மறந்துபோகும். "அப்புறம்?" என்று நம்மையே கேட்பார். சூலியா தெருவில் அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. புகை ஏறினால் கண் சிவந்து, நாக்கு வறண்டுவிடும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். "தம்பி, உள்ள யாரோ கதவத் தட்டுறான், தொறந்து பாருலா" என்பார். ஐந்து நிமிஷம் நின்றதற்கு, "காலையிலேருந்து நிக்கிறோம்" என்று கோபிப்பார். பசி வந்தாலோ பானையோடு விழுங்குவார்.

எனக்குப் பெண் பார்க்க அவர் வண்டியில்தான் போனோம். "யாரும் கை நனைக்கக் கூடாது" என்பது சித்தப்பாவின் உத்தரவு. பெண் வீட்டில் சாப்பிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். சித்தப்பாவுக்கோ கெப்பாலா பத்தாஸ் ஊரில் எனக்கென்று பார்த்துவைத்திருந்த ஒரு பெண் மேல்தான் கண்.

அப்புறம் அண்ணன் பெண்ணின் அம்மாவிடம் என் பெருமையை எடுத்துவிட்டார். "எங்க தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடையாது, ஆனா..."

எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "அப்புறம்?" என்றார்.

பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே நான் விழுந்துவிட்டேன். சித்தப்பாவோ, "சபையில சிரிக்கிற பொண்ணு சரிப்படாது" என்று என் காதைக் கடித்துவிட்டு எழுந்தார். எல்லாம் முடிந்தது என்று நானும் எழுந்தேன்.

"வண்டியப் பூட்டச் சொல்லு. எங்க அவன்?"

தண்ணீர் கேட்டு அடுக்களைக்குப் போயிருந்த அண்ணனைக் கருவாட்டுக் குழம்பின் வாசனை அங்கேயே உட்கார வைத்திருந்தது. பெண்ணின் அம்மா முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"சம்பந்தி, உங்க வீட்டுப் பிள்ள கை நனைச்சிட்டாரு! மறுபடியும் சோறு கேக்குறாரு!"

நான் சித்தப்பா பக்கம் திரும்பினேன்.

"அப்புறம்?" என்றேன் நான்.

"அப்புறம் என்ன, நாள் பாக்கச் சொல்லு" என்று பல்லைக் கடித்தார்.

அந்தச் சோறு அண்ணனுக்குக் கடைசிவரை நினைவுக்கு வரவேயில்லை. வரவர வண்டி போன வழியும் மறந்தது. அந்தப் புகையின் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். தீபாவளிதோறும் எங்கள் வீட்டு இலை முன் உட்கார்ந்து, "தம்பி, இந்தப் பொண்ண எங்க புடிச்ச?" என்பார். என் மனைவி முதலிலிருந்து கதை சொல்வாள். அவர் "அப்புறம்?" என்று கேட்கவேண்டும் என்பதற்காகவே பாதியில் நிறுத்துவாள்.