புரொஜெக்டருக்குப் பொருத்தம் பார்த்த கதை

அன்று அலுவலகத்தில் ஒருவரும் நாற்காலியில் இல்லை. காசாளர் முதல் காவலாளி வரை எல்லாரும் கூட்ட அறை வாசலில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, மேலாளர் வரவழைத்திருந்த ஒளிஞானி என்ற குறி சொல்பவர் புரொஜெக்டருக்குப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பார்க்கக்கூட இத்தனை பேர் கூடியிருக்க மாட்டார்கள்.

அந்த அறையில் பேசிய மூன்று ஒப்பந்தங்கள் வரிசையாகக் கைநழுவிப் போயிருந்தன. விலை போட்டதும் மேலாளர்தான், பேசியதும் மேலாளர்தான். ஆகவே குற்றம் புரொஜெக்டர் மேல் விழுந்தது. அதைப் பீடை பிடித்திருக்கிறது, பராமரிக்கிற கையும் ராசியில்லாத கை என்று ஒளிஞானி சொல்லிவிட்டார்.

அந்தக் கை, மின்பணி பார்க்கும் கரண்ட் அக்காவுடையது. அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் மேலாளர் சட்டைப்பையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. புரொஜெக்டர் விளக்கு தேய்ந்துவிட்டது, மாற்று விளக்கு வாங்கித் தாருங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டவள் அவள்தான். அப்போது காது கேட்காதவர்கள் இப்போது வாய் பிளந்து நின்றார்கள்.

ஒளிஞானி மூன்று புதுப் புரொஜெக்டர்களின் மேல் நூலில் கட்டிய கல்லைப் பிடித்தார். மூன்றாவதன் மேல் கல் சுழன்றது. அதன் அட்டைப்பெட்டியில் அவர் மைத்துனர் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கல்லுக்குக்கூட உறவுமுறை தெரிந்திருக்கிறது. பிறகு ஜன்னல் திரைகளை மூடச் சொன்னார். ஆளுக்கொரு பக்கம் ஓடி மூடினார்கள். அந்த மூன்றாவதைப் போட்டதும் இருட்டில் சுவரில் படம் பளிச்சென்று விழ, கூட்டம் சொக்கிப்போனது.

“சார், நம்ம மீட்டிங் எப்ப நடக்கும்?” என்று மேலாளரைக் கேட்டாள் அக்கா.

“பகல்லதான். வர்றவங்க குறிப்பு எழுதணும், வெளிச்சம் வேணாமா?”

“அப்ப திரையைத் திறந்து காட்டச் சொல்லுங்க.”

வெயில் பட்டால் சக்தி ஓடிவிடும் என்றார் ஒளிஞானி.

“நேத்து பழைய மிஷினை வெயில்லதானே வெச்சுப் பாத்தீங்க?”

பதிலுக்குக் காத்திராமல் அக்கா திரைகளை விலக்கினாள். சுவர் இருந்தது, படத்தைக் காணோம். காசாளர் கிட்டே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். அக்கா பழைய புரொஜெக்டரைப் போட்டாள். தேய்ந்த விளக்குதான், படம் மங்கல்தான். ஆனாலும் காவலாளி வாசலில் நின்றபடியே, சுவரில் விழுந்த மேலாளரின் விலைப்பட்டியலை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டார்.

“இந்த விலைக்கு யார் சார் வாங்குவா?” என்று அப்பாவியாகக் கேட்டார்.

மேலாளர் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். அக்காவுக்கு மூச்சு வந்தது. ஒளிஞானி கல்லையும் நூலையும் சுருட்டிக்கொண்டு நழுவினார்.

அவரைப் பற்றிக் கவலை வேண்டாம். வேறு அலுவலகம், வேறு கூட்டம் கிடைத்துவிடும். திரையை மூடு என்றதும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஓடிப்போய் மூடினார்களே, அவர்களைச் சொல்லுங்கள். தலையில் இருக்கும் விளக்குக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது.