ராணியை வெட்டிய மகாராணி

போடிநாயக்கனூர் சதுரங்கக் கழகத்தின் இறுதிப் போட்டிக்கு என்றுமில்லாத கூட்டம். ராசிங்காபுரத்திலிருந்து லோடு ஆட்டோவில் வந்திறங்கினார்கள். ஆட்டத்தைப் பார்க்கவா? அட, நீங்கள் வேறு! பிளாஸ்டிக் ராணியைத் தரிசிக்க!

உரக்கடைத் தங்கபாண்டியனிடம் இருந்த அந்த ராணிக்கு அமாவாசைச் சாமியார் நாற்பத்தெட்டு நாள் மந்திரம் உருவேற்றினாராம். வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று. தெய்வம் நிறம் பார்ப்பதில்லை. “இவள வெட்டுறவன் வீட்டுல ஒரு உசுரு போகும்” என்பது சாமியார் வாக்கு. நான்கு சுற்றிலும் எதிராளிகள் அவளைத் தொடாமலே தோற்று, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சாமியார் மண்டப வாசலிலேயே கடை விரித்தார். செஸ் தெரியாதவர்களும் ராணி வாங்கினார்கள். பரீட்சைக்கு, வரனுக்கு, ஏலக்காய் விலை ஏறுவதற்கு!

இறுதியாட்டத்தில் எதிரே உட்கார்ந்தவள் மகாராணி. ஏலக்காய் தரம் பிரிப்பவள். கணவன் ஈஸ்வரன் எஸ்டேட் ஜீப்பு ஓட்டுகிறவன். காலையில்தான் மலைக்குக் கிளம்பிப் போயிருந்தான்.

இருபத்திரண்டாவது நகர்த்தலில் தங்கபாண்டியன், ராணியை மகாராணியின் குதிரை வெட்டும் கட்டத்திலேயே கொண்டுபோய் வைத்தார். யார் வெட்டப் போகிறார்கள் என்ற தைரியம். அவரது அடுத்த நகர்த்தலில் மகாராணிக்குச் செக்மேட்.

“தொட்டுறாத ஆத்தா! ஈஸ்வரன் ஜீப்பு மலை வளைவுல போகுது, என் கண்ணுக்குத் தெரியுது!” என்று சாமியார் அலறினார். அவரை அடக்க வேண்டிய நடுவர் கைகூப்பி நின்றார்.

மகாராணி ஒருமுறை சாமியாரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குதிரையைத் தூக்கி ராணியை வெட்டினாள். “ஐயோ!” என்றது கூட்டம். ஆறே நகர்த்தலில் தங்கபாண்டியன் கைகொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

மகாராணி அணைத்து வைத்திருந்த போனை எடுத்து, கணவனை அழைத்து, எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டாள். மணியடித்து ஓய்ந்தது. சாமியார் முகம் மலர்ந்தது. என்ன கருணை! மறுபடி அடித்தாள்.

“என்ன புள்ள? புரோட்டா தின்னுக்கிட்டு இருக்கேன், கையெல்லாம் சால்னா. ஜெயிச்சியா?”

“ஜீப்பு எங்கய்யா?”

“காலையிலயே கிளட்சு போச்சு. பட்டறையில விட்டுட்டு பஸ்டாண்டுல உக்காந்திருக்கேன்.”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. மலை வளைவில் ஜீப்பைக் கண்ட ஞானக்கண், செருப்பைத் தேடத் தொடங்கியது.

“அப்ப இத்தன ஆட்டம் ஜெயிச்சது நானா, ராணியா?” என்றார் தங்கபாண்டியன், பாவமாக.

“ரெண்டு பேரும் இல்லண்ணே. எதிர்ல உக்காந்தவுக பயம்” என்றாள் மகாராணி.

“சாமி, எங்க ரூவாயக் குடுத்துட்டு வெரசா கெளம்புங்க!” என்று வாசலை மறித்தது கூட்டம்.

பலகையில் ஐந்து நகர்த்தல் முன்கூட்டியே யோசிக்கிறவர்களே, ஒரு சாமியார் வாய் திறக்கும்போது ஒரே ஒரு நிமிடம் யோசித்தால் குடியா முழுகிவிடும்?