தண்ணி லாரியிடம் சாரி கேட்ட வழக்கு

மன்னிப்புக் கேட்பது நல்ல பழக்கம் என்று ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பு யார் மேல் என்று பார்த்துவிட்டுக் கேள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு பாடம் விட்டுப்போனதால் நான் கோர்ட் கூண்டு வரை போக வேண்டியதாயிற்று.

அப்போது மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். கிழக்குத் தாம்பரத்திலிருந்து தினமும் பைக்கில் போய்வருவேன். (ஸ்கூட்டி இல்லை, கியர் வண்டி. இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.) ஒரு நாள் காலை, ஓர் அப்பார்ட்மெண்ட் வாசலில் தண்ணி லாரி ஒன்று வழியை அடைத்து நின்றது. அதன் பின்னால் காலை ஊன்றிக் காத்திருந்தேன். லாரி திடுமெனப் பின்னால் வந்தது. ஹாரன் அடித்தேன். என் ஹாரனுக்கும் என்னைப் போலவே சாதுவான குரல். அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம், பைக் என் மேலே, என் வலது மணிக்கட்டு எனக்குக் கீழே.

டிரைவர் குதித்து ஓடிவந்தார். தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ரோட்டில் கிடந்தபடியே அவரைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை:

“சாரிண்ணா.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். “தண்ணி ஒண்ணும் கொட்டலியே?” என்றும் கேட்டுவைத்தேன்.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பரவால்லக்கா,” என்று பெரிய மனது பண்ணி என்னை மன்னித்தார். “லாரி பின்னால இப்டியா நின்னுகினு இருப்ப? இனிமே பாத்து நில்லு.”

“சரிண்ணா,” என்றேன். வாட்ச்மேன், அயர்ன் கடைக்காரர், பால் வாங்க வந்தவர்கள் என்று அந்தத் தெருவே சாட்சி.

மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். சம்பளமில்லாத லீவில் வீட்டில் கிடந்தேன். என் கணவர் ஜெயசிங்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார். (அந்தப் பின்னலோடு சர்ச்சுக்குப் போனபோது, என் நிலையைப் பார்த்துப் பலர் கண் கலங்கினார்கள். கையைப் பார்த்து அல்ல.) சிரிப்பெல்லாம் பகலில்தான். ராத்திரியில் சாக்பீஸைப் பிடித்துப் பார்ப்பேன். விரல்களுக்குள் அது நிற்காமல் நழுவும். போர்டில் எழுத முடியாத டீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும் என்று நினைத்து, தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதிருக்கிறேன்.

போலீசில் புகார் கொடுத்த கையோடு ஜெயசிங் என்னை வக்கீல் கிருபாகரனிடம் அழைத்துப் போனார். அவர் பொறுமையாக விளக்கினார்.

“நின்னுட்டிருந்த வண்டிய இடிச்சிருக்கான். ஆஸ்பத்திரிச் செலவு, போன சம்பளம், கை முன்ன மாதிரி வராத குறை, நீங்க பட்ட வலி, எல்லாத்துக்கும் இழப்பீடு கேக்கலாம் மேடம். லாரியோட இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் குடுக்கணும். இது உங்க உரிமை, யார்கிட்டயும் கையேந்துற விஷயம் இல்ல. ஆமா, ஸ்பாட்ல ஏதாவது பேசினீங்களா?”

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“தண்ணி கொட்டிச்சான்னு வேற கேட்டீங்களா?”

அவர் பயந்தபடியே ஆயிற்று. நான்தான் லாரி மேல் போய் மோதினேன், அதனால்தான் மன்னிப்பும் கேட்டேன், ஆகவே பாதித் தப்பாவது என்னுடையது என்று இன்ஷூரன்ஸ் தரப்பில் பதில் போட்டார்கள். டிரைவரும் அப்படியே சாட்சி சொன்னார். என் முறை வந்தபோது, கோர்ட் வராந்தாவில் வக்கீல் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: “உள்ள போய் அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க.”

கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர். தடிமனான ஃபைல் ஒன்றைக் கையில் அணைத்துக்கொண்டு நின்றார். பெயரைக் கேட்டார்.

“சாரி சார், காதுல விழல,” என்றேன்.

ஜட்ஜ் அம்மா நிமிர்ந்து பார்த்தார். பின் வரிசையில் ஜெயசிங் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

“டிரைவர்கிட்ட சாரி கேட்டீங்களா, இல்லையா?”

“கேட்டேன் சார்.”

“உங்க மேல தப்பு இருந்ததாலதான?”

“இல்ல சார்.”

“தப்பே பண்ணாதவங்க எதுக்கும்மா சாரி கேக்கப் போறாங்க?”

ஜெயித்துவிட்ட தோரணையில் அவர் கூண்டின் விளிம்பில் ஃபைலை வைத்தார். அது சரிந்து நேராக என் கால் கட்டைவிரலில் விழுந்தது. உயிர் போகிற வலி.

“ஐயோ, சாரி சார்,” என்று குனிந்து ஃபைலைப் பொறுக்கினேன்.

அவரும் யோசிக்காமல், “பரவால்லம்மா,” என்றார்.

ஜட்ஜ் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “வக்கீல் சார், ஃபைலைக் கீழ போட்டது யாரு?”

“நான்தாங்கம்மா.”

“கால்ல அடி பட்டது யாருக்கு?”

அவர் என் கையிலிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டார். ஜட்ஜ் அம்மா ஏதோ எழுதிக்கொண்டார். கிருபாகரன் எழுந்து, தனக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்தார்.

காரியத்தையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்து அழுதுகொண்டே வெளியே வந்தேன். வராந்தாவில் அந்த டிரைவர் நின்றிருந்தார்.

“அக்கா, ஏங்கிட்ட அவ்ளோ துட்டு இல்லக்கா. ரெண்டு பொண்ணு கீது. அதான் அப்டி சொல்லிக்கினேன்.”

“உங்க கைலேர்ந்து யாருண்ணா கேட்டா? இன்ஷூரன்ஸ்தான் குடுக்கும். லைசென்ஸ் ஒழுங்கா இருக்கில்ல?”

“கீது.” தலையைச் சொறிந்தார். “இத மொதல்லயே யாராச்சும் சொல்லிர்ந்தா நான் ஏங்கா பொய் சொல்லப் போறேன்?”

அதற்கும் எனக்கு சாரி கேட்கத்தான் வாய் வந்தது. ஜெயசிங் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தை குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது, முழுத் தவறும் லாரியுடையதே என்று எழுதியிருந்தார்கள். கை முழுதாகத் திரும்பவில்லை. ஆனாலும் போர்டில் எழுதுகிறேன். வட்டம் மட்டும் கொஞ்சம் கோழிமுட்டையாக வரும்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் புதிதாக வண்டி வாங்கினாலும் ஜெயசிங் கூப்பிட்டுப் புத்தி சொல்வார்: “அடி பட்டா வாயத் தொறக்காத. உங்கக்கா மாதிரி ஆயிடும்.” போன மழைக்குப் பம்மலில் என் தம்பியை ஒரு ஷேர் ஆட்டோ தட்டிவிட்டது. முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கூடி நின்றவர்கள் பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. மண்டையில் பலமான அடி, பேச்சு போய்விட்டது என்று முடிவு கட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். நாங்கள் பதறியடித்துக்கொண்டு போனபோது, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சைகையால் அருகே கூப்பிட்டு, காதில், “அக்கா, நான் இன்னும் ஒண்ணுமே பேசல. இப்ப பேசலாமா?” என்றான்.

இப்போது எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் ஜெயசிங் தவறாமல் சொல்வது இதுதான்: “எங்க மாமனார் வீட்டுல பேசினா கேஸு, பேசாட்டி ஸ்கேனு.”