கட்டைவிரல் பழகினவர்களுக்கான ரீல்

அன்பில் குறையாத மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று நாளாக அங்கே இருக்கும் உன் அக்காவும் சுகமாகத்தான் இருப்பாள். என் சுகத்தை யாரும் விசாரிக்காததால் அதைப் பற்றி நானும் எழுதவில்லை.

உன் அக்கா அவள் பக்கத்துக் கதையைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். நான் ஓய்வுபெற்ற பிறகு நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "ரெண்டு பேரும் ஏரிக்குப் போய் மீன் பிடிங்க அத்தான், மனசு லேசாகும்" என்று வழி சொன்ன புண்ணியவான் நீதான். தூண்டில் கடைக்குப் போனோம். எடுத்த எடுப்பிலேயே கடைக்காரர், "புதுசா, பழகினவங்களா?" என்று கேட்டார். உன் அக்கா கொஞ்சமும் கூச்சமில்லாமல் "புதுசுங்க" என்றாள். அவளுக்குத் தூண்டில் நூலைச் சுற்றிவைக்கும் ரீலில் மூடி போட்டது ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பின்னால் ஒரு பொத்தான். அழுத்திப் பிடித்துக் கம்பை வீசி, விரலை எடுத்தால் நூல் போகும், அவ்வளவுதான், விளையாட்டுச் சாமான். அதையே எனக்கும் நீட்டினார் பார், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நூற்பாலையில் நூல் சுற்றும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தே முடி நரைத்தவனிடம், கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரி! கண்ணாடி அலமாரிக்குள் ஒன்று பளபளத்தது. கம்பின் மேலே உட்காரும், வீசும்போது உருளையே சுழலும். "அதைக் குடுங்க" என்றேன். "அது கட்டைவிரல் பழகினவங்களுக்கு ஐயா. உருளை கண்டபடி ஓடும், விரலாலதான் அடக்கணும், இல்லன்னா சிக்கு விழுந்துரும். மூடியில்லாத ரீல் ஒண்ணு இருக்கு, நடுத்தரம். அதுல கொஞ்ச நாள் பழகிட்டு இதுக்கு வாங்களேன்" என்றார். "எனக்குச் சோறு போட்டதே நூல்தாங்க" என்றேன். அவர் உன் அக்காவைப் பார்த்தார். உன் அக்கா கூரையைப் பார்த்தாள்.

தம்பி, மில்லில் நூல் அறுந்தால் எந்திரம் தானே நின்றுவிடும். இந்தப் பாழாய்ப்போன ரீலை நிறுத்த என் கட்டைவிரலைத் தவிர வேறு நாதியில்லை. முதல் வீச்சில் இரை என் காலடியிலேயே விழுந்தது. உருளை மட்டும் ஓடிக்கொண்டே இருந்து, நூல் பொங்கி வந்து என் முழங்கை வரைக்கும் சுற்றிக்கொண்டது. அதை வெட்டி எடுத்துவிட்டு அடுத்த வீச்சில் விரலை அழுத்திப் பிடித்தேன், நூல் பட்டென்று அறுந்து இரை மட்டும் தனியாக நடு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது வீச்சில் எனக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவரின் தொப்பி தண்ணீருக்குப் போனது. அவர் யார் என்கிறாய்? எங்கள் தெரு தபால்காரர். ஆகையால் இந்தக் கடிதம் உனக்கு வந்து சேருமா என்பதே சந்தேகம்.

உன் அக்கா பொத்தானை அழுத்தினாள், விட்டாள், மீன். மறுபடி அழுத்தினாள், விட்டாள், அதைவிடப் பெரிய மீன். கரையில் கூட்டம் கூடிவிட்டது. "அம்மாவுக்கு என்ன கைராசிய்யா!" என்கிறான் ஒருத்தன். இன்னொருத்தன் என்னைப் பார்த்து, "ஐயா வாளி தூக்க வந்தீங்களா?" என்கிறான். உன் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்து எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று நீயே யோசித்துச் சொல்.

மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய ரீலின் மூடியைத் திறந்தேன். சுத்தம் பண்ணி எண்ணெய் போட்டு வைக்கலாம் என்கிற நல்லெண்ணம்தான், வேறென்ன? உள்ளேயிருந்து ஒரு சுருள்கம்பி துள்ளிக் குதித்து குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. நான் தரையில் படுத்து விளக்குமாற்றுக் குச்சியால் துழாவிக்கொண்டிருக்கிறேன், உன் அக்கா ஈரத்தலையோடு வந்து நிற்கிறாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, மத்தியானத்துக்குள் எல்லாம் சரியாகியிருக்கும். "எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு நல்லா வந்துச்சு. அதையும் கழட்டிப் பாத்துட்டீங்க" என்றாள். பையை எடுத்தாள், பஸ் ஏறினாள்.

நீயே சொல்லு தம்பி, நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? இப்போ சாப்பாட்டு மேசையில உக்காந்து ஊசியை வச்சு என் ரீலுக்குச் சிக்கெடுத்துக்கிட்டு இருக்கேன். ஒரு முடிச்சை அவுத்தா ரெண்டு விழுது. ராத்திரி ரொட்டியைக் கருக்கித் தின்னேன். எதிர் நாற்காலி காலியா கெடக்கு. முன்னாடி சுவரைப் பார்க்கத் துணைக்கு ஒரு ஆளாவது இருந்துச்சு.

அதற்காக அவளை வரச் சொல்லி நான் எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. மீன்பிடிக்கும் பேச்சையே விட்டாயிற்று. ரீலை இன்றே விற்கப் போகிறேன். முக்கியமாக, இந்தக் கடிதத்தை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டாதே.

உன் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளர்ந்து, கடைக்காரர் பேச்சைக் கேட்கும் புத்தியோடு நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டாமல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்வந்தேன். சிக்கு விழுந்ததா என்று கேட்பார், என்ன பதில் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். மனுஷன் அதைக் கேட்கவே இல்லை. "அம்மா வரலையா?" என்றார். என் ரீலைக் கொடுத்துவிட்டு, மூடி போட்ட ரீல் இரண்டு வாங்கி வந்திருக்கிறேன். மேலே எழுதியதை நீ படித்ததோடு சரி, இதை மட்டும் உன் அக்காவுக்குப் படித்துக் காட்டு. இரண்டு ரீலிலும் இன்னும் நூல் சுற்றவில்லை. அத்தானுக்கு நூல் சுற்றத் தெரியவில்லையாம், நீ வந்துதான் சொல்லித்தர வேண்டுமாம் என்று சொல்.